பின்னாடி பார்த்துக்கொள்ளலாம்

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஸ்டீயரிங்கைத் திருகி இறுக்கிவிட்டால், அதன் பிறகு அந்த மேசையில் இரண்டு பேர்தான் உட்கார்ந்து சாப்பிடலாம். மூன்றாவது தட்டு மாமாவின் மடிக்குப் போய்விடும். மாமா டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தமாகக் கார் கிடையாது. "கார் வாங்குறதுக்கு முன்னாடியே ஸ்டீயரிங் வாங்கின ஒரே குடும்பம் நாங்கதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

உண்மையில் ஸ்டீயரிங் அவருடையது அல்ல, அவருடைய மைத்துனி சின்னவளுடையது. சின்னவளுக்குப் பல் செய்யும் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, உடைந்த பல்லுக்குத் தொப்பி செய்து கொடுப்பாள். மயிரிழை உயரம் கூடினாலும் கடிக்கிறவருக்கு மண்டை வரை வலிக்கும் என்பதால், ஒரு நேரத்தில் ஒரே இடத்தைத்தான் தேய்ப்பாள், அச்சில் கடிக்கவைத்துப் பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். அந்த நிதானத்தையெல்லாம் வாரம் ஆறு நாள் செலவழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுவாள், கணினித் திரையில்.

அவள் வீட்டில் ஓட்ட முடியாது. அங்கே அப்பா இருக்கிறார். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். டயர் கிறீச்சிடும் சத்தத்தில் செய்தித்தாளில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை என்று அவர் சொன்னதால், ஸ்டீயரிங், பெடல், கம்பிகள் எல்லாம் இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டுக்குக் குடிவந்துவிட்டன.

அன்று ஸ்டீயரிங்குக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் சின்னவள். மற்றதில் லிஃப்ட்காரன்.

லிஃப்ட்காரன் என்றால் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நல்ல உயரம். மாமா அவனை "லிஃப்ட் தம்பி" என்று கூப்பிடுவார். அவனும் சின்னவளும் அந்த விளையாட்டில் இரண்டு வருடமாக ஒரே அணி. அதில் ஒன்றரை வருடமாக அணி மட்டும் அல்ல. அது மாமாவுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அக்காவுக்கு மட்டுமே தெரியும். வழக்கமாக அவன் தன் வீட்டிலிருந்துதான் ஓட்டுவான். முந்தின நாள் அவனுடைய பிரேக் பெடல் உடைந்துவிட்டதால், இன்று நேரிலேயே வந்திருந்தான்.

வந்ததும் வராததுமாக, "உங்க கட்டடத்து லிஃப்ட் அரை அங்குலம் கீழ நிக்குது, கவனிச்சீங்களா?" என்று மாமாவிடம் கேட்டான்.

"எங்க மாமனாரும் இதையேதான் சொல்லிட்டு இருக்கார். அவருக்கு எதுலயும் தப்பு கண்டுபிடிக்கணும்," என்றார் மாமா.

சின்னவள் சிரிக்கவில்லை. "உக்காருங்க. தகுதிச் சுற்று ஆறு மணிக்கு முடிஞ்சிடும்," என்றாள்.

'உக்காருங்க.' மற்றவர்கள் முன்னால் மரியாதையாக 'நீங்க' போடுவது இருவருக்கும் உள்ள ஒப்பந்தம்தான். ஆனால் இந்த ஒன்பது நாளாகத் தொலைபேசியில் தனியாகப் பேசும்போதும் அவள் 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஒன்பது நாளைக்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். அன்று காலையில் இந்த ஞாயிறு பந்தயத்துக்கான காரின் அளவுகள் அடங்கிய செட்டப் பக்கத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். பதில் இல்லை. மத்தியானம் லேபில் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினாள்: 'அப்பாகிட்ட நம்ம விஷயத்தை எப்ப சொல்றது?'

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் குரலிலேயே பதில் வந்தது. பின்னணியில் இரும்பு எதிரொலிக்க, மூச்சு வாங்க, அவசரமாக ஏழு வினாடி.

"அவசரப்படாத. முன்னாடி எதுவும் வேணாம். பின்னாடி பாத்துக்கலாம்."

அவள் அதை மூன்று முறை கேட்டாள். பிறகு தன் கேள்வியை அழித்தாள், அவனுடைய தொலைபேசியிலும் சேர்த்து. ஒன்றரை வருடமாக ஒருவன் பழகுவான், கல்யாணம் என்றதும் பின்னாடி பார்த்துக்கொள்ளலாம் என்பான். இதற்கு மேல் என்ன கேட்பது? சாயங்காலம் அவன், 'என்னமோ எழுதி அழிச்சிருக்கியே, என்னது?' என்று கேட்டபோது, 'ஒண்ணுமில்ல, தப்பா வந்துடுச்சு' என்று முடித்துவிட்டாள்.

இன்று ஆறு மணிக்கு மேல் அவனிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம். இனிமேல் வர வேண்டாம், விளையாடவும் வேண்டாம், எல்லாவற்றையும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். பந்தயத்துக்குப் பேர் கொடுத்தாகிவிட்டது, அதை மட்டும் பாதியில் விட மனம் வரவில்லை.

அது இரட்டையர் பந்தயம். ஒரு கார், இரண்டு ஓட்டுநர்கள். தகுதிச் சுற்றில் இருவரும் ஆளுக்கு ஒரு சுற்று ஓட்ட வேண்டும். இரண்டு நேரமும் சேர்ந்து இரண்டு நிமிடம் நாற்பத்தாறு வினாடிக்குள் இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கதவு மூடும். ஒரே ஒரு சிக்கல், இரண்டு பேருக்கும் ஒரே செட்டப்தான். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று மாற்ற முடியாது.

டிராக்கோ வேகமான டிராக். ஒரு நேர்ப்பாதை மட்டும் பதினாலு வினாடி. ஸ்டீயரிங்கைத் தொடக்கூட வேண்டாம், மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதனால் காரின் இறக்கையைத் தாழ்த்த வேண்டும். காருக்கு மூக்கில் ஒன்று, வாலில் ஒன்று என்று இரண்டு இறக்கைகள். பறவைக்கு இறக்கை பறக்க, பந்தயக் காருக்கு இறக்கை பறக்காமல் இருக்க. காற்று அதன்மேல் உட்கார்ந்து காரைத் தரையோடு அழுத்தும். இறக்கையைக் குறைத்தால் நேர்ப்பாதையில் வேகம் வரும், வளைவில் பிடி போகும். கூட்டினால் வளைவில் பிடி கிடைக்கும், நேர்ப்பாதையில் எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள்.

"முன்னாடி ஆறு, பின்னாடி நாலு. இதுதான் நான் பார்த்து வெச்சது," என்றாள் சின்னவள், நோட்டைப் பார்த்து.

"இன்னமும் நாலா? பின்னாடி ரொம்பக் கம்மியா இருக்கே..."

"ஓட்டிப் பாருங்க."

அவன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, முழங்காலை மேசைக்கடியில் மடக்கி நுழைத்து ஓட்டினான். ஒரு நிமிடம் இருபத்திரண்டு புள்ளி மூன்று. மாமா கைதட்டினார். பிறகு அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தாள்.

டிராக்கில் ஒரே ஒரு பொல்லாத இடம், மதிலை ஒட்டினாற்போல் இடப்பக்கம் திரும்பும் வளைவு. பிரேக் போடாமல் போக வேண்டும். அவள் அதில் நுழைந்ததும் காரின் வால் நழுவியது. கார் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மதிலில் போய்ப் படுத்தது.

சோபாவில் உட்கார்ந்திருந்த மாமாவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் மிதித்த கால், அதற்குத் திரை எது, தெரு எது என்று தெரியாது.

"சுவத்துக்கு ஹார்ன் அடிச்சிருக்கணும்மா," என்றார்.

"மாமா, ப்ளீஸ்."

இரண்டாம் முறையும் மதில். மூன்றாம் முறை மதிலுக்குப் பயந்து காலை எடுத்தாள், ஒரு நிமிடம் இருபத்தாறு வந்தது. நாலாம் முறை மறுபடி மதில்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடிட்டு இருந்தேன். இவளே உரசி உரசி எடுத்துடுவா போல," என்றாள் அக்கா, துவைத்த துணியை ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து பால்கனிக்குப் போகும் வழியில்.

சின்னவள் பல்லைக் கடித்தாள். நோட்டில் எழுதினாள், அடித்தாள். மணி நாலரை. லிஃப்ட்காரன் திரையைப் பார்த்துக்கொண்டே, தன் வேலை மும்முரத்தில், மூச்சு வாங்குகிற மாதிரியான அதே அவசரக் குரலில் சொன்னான்:

"அவசரப்படாத. முன்னாடி எதுவும் வேணாம். பின்னாடி பாத்துக்கலாம்."

சின்னவளின் கை ஸ்டீயரிங்கிலிருந்து நழுவியது. ஒன்பது நாளாக அடக்கி வைத்திருந்தது அவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது.

"எப்ப? பின்னாடின்னா எப்ப? அடுத்த வருஷமா? எனக்கு நரை விழுந்த பின்னாடியா? உனக்கு எல்லாமே பின்னாடிதானா?"

வாளியோடு போய்க்கொண்டிருந்த அக்கா நின்றாள். "உனக்கா?" என்றாள் மெதுவாக. "பாருடா!"

லிஃப்ட்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்பன்னா... இப்பவே. பின்னாடி நாலு வெச்சிருக்க, அதை ஏழு எட்டு ஆக்கணும். வால்தானே நழுவுது? முன்னாடி இறக்கையைத் தொட வேணாம், பின்னாடி இறக்கையைப் பாத்துக்கலாம்னு சொன்னேன். இதுக்கு ஏன் நரை?"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்தாள். ஒன்பது நாளைக்கு முந்தைய அந்த ஏழு வினாடியைத் தேடி அழுத்தினாள். இரும்பு எதிரொலித்தது. 'அவசரப்படாத. முன்னாடி எதுவும் வேணாம். பின்னாடி பாத்துக்கலாம்.'

"இது என்ன?" என்றாள்.

"இதுவா? காலைல செட்டப் படம் அனுப்பினியே, அதுக்குப் பதில். லிஃப்ட் குழிக்குள்ள தொங்கிட்டு இருந்தேன், சிக்னல் ஒரு நிமிஷம் வரும், பத்து நிமிஷம் போகும். படம் மட்டும்தான் திறந்துச்சு. அதுக்கு அப்புறம் நீ ஏதோ அனுப்பியிருந்த. மேல ஏறி வந்து பாத்தா, அழிச்சிருந்த."

"படத்துக்கா?"

"படத்துக்குத்தான். பின்ன எதுக்கு?"

சின்னவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று அக்கா வாளியைக் கீழே வைத்தாள். அழவில்லை. தோள் குலுங்கியது, பிறகு சிரிப்புச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதோடு கண்ணீரும் வந்தது. இறக்கைக்குச் சொன்ன பதிலைக் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"நீ சிரிக்கிற," என்றான் அவன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னைக்கு என்ன எழுதி அழிச்சன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. என்னை வேண்டாம்னு எழுதி, பாவம் பாத்து அழிச்சுட்டன்னு நினைச்சேன். போன வாரம் ஒரு லிஃப்டை அஞ்சாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவுல நிறுத்திட்டு, எந்தத் திருகைக் கழட்டினேன்னு மறந்துட்டேன். உள்ள ஒரு வக்கீல். என்னமா திட்டினார் தெரியுமா? இப்பவாவது சொல்லு, என்ன எழுதின?"

எழுதுவது சுலபம். சொல்வது அப்படி இல்லை. அதுவும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்க, மாமா கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க. சின்னவள் ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பாகிட்ட நம்ம விஷயத்தை எப்ப சொல்றதுன்னு கேட்டேன்."

திரையில் மதிலில் மோதி நின்ற காரின் இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"அதுக்கு நான் பின்னாடின்னு சொல்வேனா?" என்றான் லிஃப்ட்காரன். அவன் முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது, மாடி மாடியாக ஏறி வருகிற மாதிரி. "எங்க அம்மா தினம் காலைல, 'எப்படா அவங்க வீட்டுக்குப் போறோம்'னு கேட்டுட்டுத்தான் எனக்கு டீயே தர்றாங்க."

"எந்த விஷயம்?" என்றார் மாமா.

"சும்மா இருங்க," என்றாள் அக்கா. "ஊருக்கே கண்ணாடியைப் பார்த்து ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறீங்க. உங்க வீட்டுல நடக்கிறது ஒண்ணரை வருஷமா உங்க கண்ணுக்குத் தெரியல." பிறகு தங்கையின் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்காமல். "பேசித் தொலைக்கிறதுக்கு என்னடி? வாயில என்ன, பல் அச்சா மாட்டி வெச்சிருக்க?"

"அப்பா அஞ்சரைக்கு இங்க வந்துடுவார்," என்றாள் சின்னவள்.

"அப்ப அஞ்சரைக்குச் சொல்லலாம்," என்றான் அவன் உடனே. "அதுக்கு முன்னாடி..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "முன்னாடின்னா நேரம். இறக்கை இல்ல. தெளிவாச் சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு காட்டணும். நீ 'நீங்க'ன்னே பேசவும் இதுவரைக்கும் தைரியம் வரல."

அவன் தன் பெயரில் விளையாட்டுக்குள் நுழைந்து, சேமித்து வைத்திருந்த செட்டப்களின் பட்டியலைத் திறந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான். 'நமக்கு 1', 'நமக்கு 2', 'நமக்கு 3' என்று பதினொன்று வரை இறங்கியது.

சின்னவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அவன் எதையும் பொறுமையாகச் செய்கிறவன் இல்லை. ஒரே நேரத்தில் இறக்கை, டயர் காற்று, ஸ்பிரிங் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, எதனால் சரியாயிற்று என்று தெரியாமல் முழிப்பான். அதற்காக எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். இங்கே ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒரே வித்தியாசம், பின் இறக்கை ஒரு புள்ளி. இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே வித்தியாசம், பின் டயரில் கொஞ்சம் காற்று. பல்லைத் தேய்த்துக் கடிக்கவைத்துப் பார்க்கிற மாதிரி, அவளுடைய வழியிலேயே, பதினொரு முறை.

"நீ மதில் வளைவுல எப்பவும் கொஞ்சம் சீக்கிரம் திருப்புவ. அது தப்பில்ல, உன் கை அப்படி. அதுக்குத் தோதா வாலை உட்கார வெச்சேன். நீ திருப்புற மாதிரியே நானும் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். இதுல எனக்கு ஒரு அரை வினாடி போகும். போகட்டுமே. உனக்கு மூணு வினாடி வருமில்ல? லிஃப்டுலயும் அப்படித்தான். கூண்டுதான் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனா பின்னாடி ஒரு எடை தொங்குது பாரு, அது இல்லன்னா கூண்டு ஏறாது."

"இதைத்தான் ஒன்பது நாளா பண்ணிட்டு இருந்தியா?"

"பெடல் பின்ன எப்படி உடைஞ்சுது?"

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். போகும்போது மாமாவைத் தோளில் தட்டினாள். அவர் புரியாமல், "நான் ஏன் வரணும்? ரேஸ் இன்னும் முடியலையே," என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

'நமக்கு 11' முன் இறக்கை அதே ஆறு, பின் இறக்கை எட்டு. சின்னவள் மதில் வளைவில் நுழைந்தாள். மனம் தன்னாலேயே பயந்தது. ஆனால் கார் நழுவவில்லை. தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி மதிலை ஒட்டியே போய் வெளியே வந்தது. அவள் "ஹா!" என்று கத்தினாள். ஒரு நிமிடம் இருபத்து மூன்று புள்ளி நாலு. அவன் ஓட்டியபோது இருபத்து மூன்று சரியாக வந்தது.

"ரெண்டு நாற்பத்தாறு புள்ளி நாலு," என்றார் மாமா. "புள்ளி நாலு கூட இருக்கு."

"நேர்ப்பாதைல காத்து இழுக்குது," என்றான் லிஃப்ட்காரன். "வேற என்ன பண்ணலாம்? டயர்ல..."

சின்னவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரே ஒரு மாத்தம். பின்னாடி ஒண்ணு குறைச்சுக்கலாம்."

"வால் நழுவினா?"

"நழுவாது. மொதல்ல நான் மதில்ல மோதினது இறக்கையால மட்டும் இல்ல. மனசு ஒரு இடத்துல இல்ல. இப்ப இருக்கு."

பின் இறக்கை ஏழு. 'நமக்கு 12' என்று அவளே பெயர் போட்டாள். அவன் முதலில் ஓட்டினான். இருபத்திரண்டு புள்ளி எட்டு. அதை அப்படியே பதிவு செய்தார்கள். இனி செட்டப்பை மாற்ற முடியாது. அவள் இருபத்து மூன்று புள்ளி இரண்டுக்குள் வந்தால் போதும். மணி ஐந்தே முக்கால். இரண்டு முறை ஓட்டினாள். ஒன்றில் வினாடியில் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது, மற்றதில் இரண்டு பங்கு.

மூன்றாவது சுற்றின் நடுவில் அழைப்பு மணி அடித்தது. மாமா கதவைத் திறந்தார். அப்பா கால் மணி நேரம் தாமதமாக, கையில் மடித்த செய்தித்தாளோடு உள்ளே வந்தார். லிஃப்ட்காரன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். நிற்க நிற்க உயர்ந்துகொண்டே போகிறானே என்று அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க?"

"நான்... வந்து... லிஃப்ட்..." என்றான் அவன்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்பாடா! கடைசியா ஆள் அனுப்பினாங்களா! அரை அங்குலம் கீழ நிக்குதுங்க. ஆறு மாசமா சொல்றேன், இந்த வீட்டுல ஒருத்தரும் நம்பல."

"ஆமாங்க. வரும்போதே பார்த்தேன். சரியா அரை அங்குலம்."

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா மாப்பிள்ளை?" அப்பா மூத்த மருமகனை வெற்றியோடு திரும்பிப் பார்த்தார். "கண்ணு இருக்கிறவருக்குத் தெரியுது."

சின்னவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். காதில் எல்லாம் விழுந்தது. நிறுத்த முடியாது, நிறுத்தினால் சுற்று போய்விடும். ஒரு வளைவைத் தாண்டி நீண்ட நேர்ப்பாதைக்குள் வந்தாள். காலை அழுத்தி மிதித்தாள். பதினாலு வினாடி. கைக்கும் மனசுக்கும் வேறு வேலை இல்லை.

"அப்பா," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் லிஃப்ட் பாக்க வரல. என்னோட கார் ஓட்டுறவர். நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறோம். ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன், சொல்லிட்டேன். இப்ப பிரேக் போடணும், அப்புறம் பேசறேன்."

மாமாவின் கால் அவளுக்கு முன்னாலேயே தரையை மிதித்தது.

வளைவு, அடுத்த வளைவு. மதில் வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது.

"பின்னாடி பேசலாம்," என்றார்.

சின்னவளின் கால் தானாகவே மேலே எழும்பியது. வேகம் விழுந்தது. அந்தச் சுற்று போயிற்று. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே திரும்பினாள்.

"எப்ப அப்பா? பின்னாடின்னா எப்ப?"

"எப்பவா?" அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இப்பத்தான். பின்னாடி, பால்கனியில. இந்தக் காட்டுக் கூச்சல்ல ஒரு மனுஷர்கிட்ட என்ன பேச முடியும்?" அவனைப் பார்த்து, "வாங்க தம்பி," என்றார். "தலையைப் பார்த்து. அந்தக் கொடிக் கயிறு தாழ இருக்கு."

இருவரும் சமையலறை வழியாகப் பின்னால் போனார்கள். அக்கா காலி வாளியோடு அவர்களைக் கடந்து முன்னால் வந்தாள். வந்தவள் தங்கையின் தோளைப் பிடித்துத் திரைப்பக்கம் திருப்பினாள். "ஓட்டு. பத்து நிமிஷம்தான் இருக்கு. அங்க நடக்கிறதை உங்க மாமா சொல்லுவார்."

மாமா பால்கனிக் கதவின் கண்ணாடி தெரிகிற இடத்துக்கு நகர்ந்தார். "உங்க அப்பா கேக்கறார். தம்பி பேசறார்... கையை மேல தூக்கி என்னமோ காட்டறார். கீழ இறக்கறார். லிஃப்ட் விஷயம் போல."

சின்னவள் நேர்ப்பாதைக்குள் போனாள்.

"அப்பா தலையை ஆட்டறார்."

"எப்படி ஆட்டறார்? மேலையும் கீழையுமா, பக்கத்துக்குப் பக்கமா?"

"உங்க அப்பா ஆட்டினா எப்படின்னு யாருக்கும்மா தெரியும்?... இரு, இரு. சிரிக்கிறார். பல்லு தெரியுது. நீ செஞ்சு குடுத்த அந்த ரெண்டு பல்லும் தெரியுது!"

மதில் வளைவு வந்தது. சின்னவள் தன் வழக்கப்படி கொஞ்சம் சீக்கிரமே திருப்பினாள். பின்னால் வால் ஒரு கணம் யோசித்து, பிறகு படிந்து உட்கார்ந்தது. மதில் தோளை உரசாமல் விலகிப் போயிற்று. அவள் கோட்டைத் தாண்டினாள்.

ஒரு நிமிடம் இருபத்து மூன்று புள்ளி ஒன்று.

"ரெண்டு நாற்பத்தஞ்சு புள்ளி ஒன்பது! உள்ள வந்துட்டீங்க!" மாமா சோபாவில் எழுந்து நின்றுவிட்டார். அக்கா அவரை இறங்கச் சொல்லிக் கத்தினாள். சின்னவளுக்கு இரண்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலையே பார்த்தாள்.

அப்பா முதலில் வந்தார். பின்னால் லிஃப்ட்காரன், காதுவரை சிவந்து, கொடிக் கயிற்றில் இருந்த ஒரு துவாலையைத் தோளில் சுமந்துகொண்டு. அது தன் தோளில் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்ததும், பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி ஒரு மூச்சு விட்டான்.

அப்பா செய்தித்தாளை நீட்டினார். அதன் ஓரத்தில், அவருடைய சிவப்புப் பேனாவால், ஒரு தொலைபேசி எண்.

"அவங்க அம்மா நம்பராம். அடுத்த ஞாயிறு வரச் சொல்லணும். ஆனா தம்பி பதற்றத்துல ஒரு இலக்கத்தை விட்டுட்டார்," என்றார். எண்ணின் கடைசியில், முப்பது வருடப் பழக்கத்தில், ஏதோ விடுபட்டிருக்கிறது என்று காட்டும் ஒரு சின்னக் கூரைக் குறி போட்டிருந்தார். "கேட்டு நிரப்பு. தப்பான வீட்டுக்குப் பொண்ணு குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் அந்த லிஃப்டைப் பாருங்க," என்றாள் அக்கா, அப்பாவையும் அவனையும் பார்த்து. "டீ போடறேன். மேசையிலேர்ந்து அந்த ஸ்டீயரிங்கை யாராவது எடுங்க. இன்னிக்கு அஞ்சு பேர் உக்காரணும்."

சின்னவள் திருகைத் தளர்த்தக் குனிந்தாள். அவனும் குனிந்தான். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

"நீ முன்னாடி பிடி," என்றாள் அவள் தலையைத் தேய்த்துக்கொண்டே. "நான் பின்னாடி பிடிச்சுக்கறேன்."